முன்னறைத் தரை: 110 சதுர அடியில் ஆரம்பித்தது, 30-க்குள் முடிந்தது

2024 அக்டோபர் 25 மழையைப் பற்றி மதுரைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தீபாவளிக்கு ஆறு நாள் இருந்தது. பந்தல்குடி வாய்க்கால் நிரம்பி செல்லூர்ப் பக்கம் எத்தனையோ வீடுகளுக்குள் தண்ணீர் போனது, அதில் எங்கள் வீடும் ஒன்று. தாத்தா கட்டிய வீடு. ரோடு போடும்போதெல்லாம் பழையதைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதில் தெரு உயர்ந்து வீடு பள்ளமாகிவிட்டது, அதனால் முன்னறையில் அரை அடித் தண்ணீர் ஒரு ராத்திரி முழுக்க நின்றது.

அந்த அறை 10க்கு 11 அடி. ஆறு வருடத்துக்கு முன்னால் மரம் மாதிரித் தெரியும் லேமினேட் பலகை போட்டிருந்தோம். அதன் உள்பகுதி மரத்தூளை அழுத்திச் செய்ததுதான், தண்ணீர் பட்டால் ஊதிவிடும், காய்ந்தாலும் பழைய கனத்துக்கு இறங்காது. இரண்டாம் நாளே இணைப்பெல்லாம் கூரை மாதிரி எழும்பி நின்றது. பிரித்தபோதுதான் இன்னொன்று தெரிந்தது. பலகைக்கு அடியில் விரித்திருந்த ஃபோம் ஐந்தாம் நாளும் பிழிந்தால் சொட்டுகிற அளவுக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்திருந்தது, வீடு முழுக்க அடித்த வாடை அதிலிருந்துதான் வந்திருக்கிறது. மேலே காய்ந்துவிட்டதே என்று நினைத்து யாரும் விட்டுவிடாதீர்கள், ஒரு ஓரத்தையாவது தூக்கிப் பாருங்கள்.

பலகையையும் ஃபோமையும் வெளியே போட்டு, சேற்றை வழித்து, ப்ளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினோம். அடியில் தாத்தா காலத்துச் சிவப்புத் தரை. ரெட் ஆக்சைடு. நான் தவழ்ந்த தரை. லேமினேட் போட்டவர்கள் ஓரப்பட்டைக்காக அங்கங்கே ஓட்டை போட்டிருந்தார்கள், வாஷ்பேசின் பக்கத்துச் சுவரோரம் மட்டும் மேற்பூச்சு உப்பிப் பெயர்ந்து வந்தது. அந்த நேரத்தில் எனக்கு அதையெல்லாம் நின்று பார்க்கப் பொறுமை இல்லை. பொங்கலுக்குள் புதுத் தரை போட்டுவிட வேண்டும், எந்தக் கல் என்பதுதான் கேள்வி என்று இருந்தேன்.

நவம்பர் முதல் வாரம் நாலைந்து டைல்ஸ் கடை ஏறி இறங்கினேன். வாங்குவதற்கு முன் துண்டு கேளுங்கள், உடைந்த துண்டு எல்லாக் கடையிலும் கிடக்கும், கேட்டால் தருகிறார்கள். விட்ரிஃபைடு, சுவருக்கு ஒட்டும் செராமிக், கோட்டா கல், காரைக்குடிப் பக்கம் கையால் செய்யும் சிமெண்ட் கல்லான ஆத்தங்குடிக் கல், எஸ்பிசி என்று இப்போது விற்கும் பிளாஸ்டிக்கும் சுண்ணாம்புக்கல் பொடியும் கலந்த பலகை, எல்லாவற்றிலும் ஒரு துண்டு கொண்டுவந்து சமையல் தராசில் எடை பார்த்து ஒரு நாள் முழுக்க வாளித் தண்ணீரில் போட்டு, துடைத்து, மறுபடி எடை பார்த்தேன்.

விட்ரிஃபைடு 412 கிராம், ஊறிய பிறகு 413. பெட்டியில் 0.5 சதவீதத்துக்குக் குறைவாகத்தான் தண்ணீர் குடிக்கும் என்று போட்டிருப்பது சரிதான். சுவர் செராமிக் 388 இருந்தது 441 ஆனது. இதைத் தரைக்குப் போடச் சொல்லி ஒரு கடையில் தள்ளப் பார்த்தார்கள், விலை குறைவு என்று. கோட்டா கல் கொஞ்சமாகத்தான் ஏறியது. ஆத்தங்குடிக் கல் 540-லிருந்து 581. எஸ்பிசி ஏறவே இல்லை, ஊதவும் இல்லை.

அப்படியானால் எஸ்பிசியோ விட்ரிஃபைடோ போட வேண்டியதுதானே என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, கிட்டத்தட்ட முன்பணம் கொடுக்கப் போய்விட்டேன். பக்கத்துத் தெரு கொத்தனார் அண்ணன் வந்து தரையைச் சுத்திச் சுத்தித் தட்டிப் பார்த்துவிட்டு, "கல்லைப் பத்தி அப்புறம் பேசுவோம் தங்கச்சி, இந்த மூலையில தண்ணி எங்கேருந்து வருதுன்னு முதல்ல பாரு" என்றார். தண்ணீர் குடிக்காத கல் கீழே இருக்கிற ஈரத்தையும் மேலே விடாது, அது வழி தேடிச் சுவரில் ஏறும், இணைப்பில் உப்பாகப் பூக்கும் என்றார். எஸ்பிசியும் அப்படித்தான், பலகைக்கு ஒன்றும் ஆகாது, அடியில் ஈரம் மாட்டிக்கொண்டு பழைய வாடை திரும்பி வரும்.

ஈரம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. ஒன்றரை அடிச் சதுரத்துக்குக் கனமான பாலிதீன் தாளை வெட்டி, நாலு பக்கமும் காற்றுப் போகாமல் டேப் ஒட்டி ஒரு நாள் விட வேண்டும். எடுக்கும்போது தாளின் உள்பக்கம் வியர்த்திருந்தாலோ தரை கறுத்திருந்தாலோ கீழே ஈரம் இருக்கிறது. நான்கு இடத்தில் ஒட்டினேன். நவம்பர் 17, நான்கும் வியர்த்திருந்தன. டிசம்பர் 15, நடுவில் மழை வந்ததால் பெரிய மாற்றம் இல்லை. ஜனவரி 19, மூன்று காய்ந்துவிட்டன, வாஷ்பேசின் மூலை மட்டும் அப்படியே. பொங்கலும் வெறும் தரையிலேயே போனது, வந்தவர்கள் எல்லாம் இன்னும் தரை போடலையா என்று கேட்டார்கள். பிப்ரவரி 9, வெயில் ஏறிவிட்டது, அந்த மூலைத் தாளில் முத்து முத்தாகத் தண்ணீர் நின்றது.

மழை நின்று இத்தனை நாளாகியும் காயாத ஈரம் மழை ஈரமாக இருக்க முடியாது. வாஷ்பேசினை இரண்டு நாள் யாரும் தொடக் கூடாது என்று துணி கட்டி வைத்துவிட்டு மறுபடி தாள் ஒட்டினோம், வியர்வை பாதியாகக் குறைந்தது. சந்தேகம் தீர்ந்தது. அண்ணன் சுவரோரம் கட்டிங் மெஷினால் கோடு அறுத்துக் கொத்தினார். ஒரு சாண் ஆழத்தில் கழிவுநீர்க் குழாய், அது வளையும் இடத்து இணைப்பு, எல்போ, பசை விட்டு இளகி, கை கழுவும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணுக்குள் விட்டுக்கொண்டு இருந்திருக்கிறது. எத்தனை வருடமாக என்று தெரியவில்லை. நாங்கள் லேமினேட் போட்டதே அந்த ஓரத்தில் தரை உப்புகிறது என்றுதான், இப்போது யோசித்தால் அப்போதே இது ஆரம்பித்திருக்க வேண்டும்.

குழாயைச் சுவர் நீளத்துக்கும் மாற்றினோம். வாட்டம் சரியாக வைத்து, மூடுவதற்கு முன் இரண்டு பக்கெட் தண்ணீர் ஊற்றி, ஒவ்வொரு இணைப்புக்கும் கீழே பழைய செய்தித்தாளை வைத்துப் பார்த்தேன். ஒரு பொட்டு ஈரம் இல்லை. பள்ளத்தை நான்கு வாரம் திறந்தே போட்டோம், ராத்திரி முழுக்க டேபிள் ஃபேன். சுவரின் அடிப்பூச்சையும் ஒரு அடி உயரத்துக்கு உதிர்த்துவிட்டோம், செங்கல் காற்று வாங்கட்டும் என்று.

இந்த நான்கு வாரத்தில்தான் என் மனசு மாறியது. தினமும் அந்தச் சிவப்புத் தரையைப் பெருக்கித் துடைக்கிறோம், அது வெள்ளத்தையும் தாங்கி, லேமினேட்டுக்கு அடியில் ஆறு வருடம் மூச்சு முட்டியும் கிடந்து, துடைக்கத் துடைக்கப் பளபளப்பு ஏறிக்கொண்டே வருகிறது. அப்பா ஒரு நாள் தேங்காய் எண்ணெயைத் துணியில் நனைத்து ஒரு முழம் அளவுக்குத் தேய்த்துக் காட்டி, "இது கெட்டுப்போச்சுன்னு யாரும்மா சொன்னா?" என்றார். யாரும் சொல்லவில்லை, நான்தான் பார்க்கவில்லை. தட்டிப் பார்த்தால் அறை முழுக்கக் கெட்டியான சத்தம், அறுத்த சுவரோரம் தவிர வேறெங்கும் பொள்ளல் இல்லை. சரி, முழுத் தரையையும் மாற்ற வேண்டாம், அறுத்த இடத்துக்கு மட்டும் ஏதாவது செய்வோம் என்று முடிவு செய்தேன்.

அங்கே மறுபடி ரெட் ஆக்சைடே பூசலாம் என்றுதான் முதலில் பார்த்தோம். ஒரு பழைய பலகையில் மூன்று விதமாகக் கலந்து பூசி, கரண்டியால் தேய்த்து, ஒரு வாரம் தண்ணீர் காட்டினேன். மூன்றுமே பழைய நிறத்துக்கு ஒத்து வரவில்லை, ஒன்று செங்கல் மாதிரி, ஒன்று ரோஸ், கறுத்த மூன்றாவது கொஞ்சம் பக்கத்தில் வந்தது. பல வருடம் கால் பட்டும் எண்ணெய் குடித்தும் வந்த நிறத்தைப் புதுப் பொடியால் ஒரு வாரத்தில் கொண்டுவர முடியாது. ஓட்டைகளை அடைக்க அந்த மூன்றாவது கலவை போதும். சுவரோரப் பட்டைக்கு, ஒட்டுப் போட்டது மாதிரி தெரிவதைவிட வேறு கல்லாகவே தெரியட்டும் என்று தோன்றியது.

அதனால் ஆத்தங்குடிக் கல். மேலூர், திருப்பத்தூர் வழியாக ஒரு சனிக்கிழமை நேரே போய்விட்டு வந்தோம். கல் செய்வதைப் பார்ப்பதற்கே போகலாம். கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ அச்சு வைத்து நிறம் கலந்த சிமெண்ட்டைக் கரண்டி கரண்டியாக ஊற்றுகிறார்கள், அச்சை எடுத்துவிட்டு அதன் மேல் காய்ந்த மணலும் சிமெண்ட்டும் தூவி, பிறகு கலவை வைத்து அழுத்துகிறார்கள். சூளையே கிடையாது. தொட்டித் தண்ணீரில் போட்டு, எடுத்துக் காய வைத்தால் கண்ணாடி தானாக விட்டு வருகிறது, அந்த வழவழப்பு கண்ணாடியிடமிருந்து வந்தது. தாத்தாவின் தரையும் சிமெண்ட், இதுவும் சிமெண்ட். தண்ணீர் குடிக்கும் கல்தான், வாளியிலேயே பார்த்தேன், ஆனால் குடித்ததை வெளியே விட்டும்விடும், அதே துண்டு ஃபேனுக்கு அடியில் இரண்டு நாளில் பழைய எடைக்கு வந்துவிட்டது. தெரு உயர்ந்திருக்கும் வரை எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் இன்னொரு தடவை வரத்தான் செய்யும், எனக்குக் காய்கிற தரை வேண்டும்.

எட்டு அங்குலக் கல், அகலத்துக்கு நான்கு, 11 அடி நீளத்துக்குப் பதினாறரை, ஆக 66. வண்டியில் உடைவதற்கும் வெட்டில் போவதற்கும் சேர்த்து 75 வாங்கினேன், நல்லதாகப் போயிற்று, ஐந்து மூலை உடைந்தன. வேறு நாளில் வாங்கினால் நிறம் லேசாக மாறும், அதனால் முதலிலேயே சேர்த்து வாங்குங்கள்.

மார்ச் 16 தாள் சோதனை, காய்ந்த தாள். 22, 23-இல் போட்டோம். பள்ளத்தை ஜல்லிக் கலவையால் மூடி, கல்லும் கலவையும் சேர்ந்து இரண்டு அங்குலம் இறங்கும் மாதிரி விட்டு வைத்திருந்தோம், பழைய தரையோடு மட்டமாக வர வேண்டுமே. அண்ணன் நூல் பிடித்து முதல் வரிசையை வைத்துக் காட்டினார், மற்ற மூன்று வரிசையும் நானும் வீட்டுக்காரரும். ஒரு பங்கு சிமெண்ட்டுக்கு ஐந்து பங்கு மணல் கலவை, கல்லின் முதுகில் சிமெண்ட் பால், கையால் அமுக்கி மரக்கட்டையால் மெதுவாகத் தட்டல். சுத்தியல் பட்டால் விளிம்பு போய்விடும். மேலே சிந்தும் சிமெண்ட் பாலை அந்த நிமிடமே ஈரத் துணியால் எடுக்க வேண்டும், காய்ந்தால் கறை நிற்கும். இரண்டாம் வரிசையில் ஒரு கல்லில் விட்டுவிட்டேன், இன்னும் மங்கலாகத் தெரிகிறது. வேலை முடிந்ததும் ஆசிட் ஊற்றிக் கழுவும் பழக்கம் இருக்கிறதே, அதை இந்தக் கல்லுக்குச் செய்யவே கூடாது, மேல் சிமெண்ட்டை அரித்துவிடும். யார் வேலைக்கு வந்தாலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மூன்று நாள் யாரையும் மிதிக்க விடவில்லை. இணைப்புகளுக்கு வெள்ளை சிமெண்ட்டில் கொஞ்சம் சிவப்புப் பொடி. இரண்டு வாரம் கழித்துத் தேங்காய் எண்ணெய், கல்லுக்கும் பழைய தரைக்கும் ஒன்றாக.

சித்திரைத் திருவிழாவுக்கு ஊரிலிருந்து வந்த அத்தை அழகர் ஆற்றில் இறங்கியதைப் பார்த்துவிட்டு வந்த அலுப்பில் மத்தியானம் முழுக்க அந்தத் தரையில் தலையணை மட்டும் போட்டுப் படுத்திருந்தார், பாய் வேண்டாம் என்றுவிட்டார். சுவரடியில் வைக்கும் ஓரப்பட்டை, ஸ்கர்டிங், இன்னும் வைக்கவில்லை, செங்கல் இன்னும் கொஞ்சம் காயட்டும். உள்ளறையில் தட்டினால் ஒன்பது டைல்ஸ் பொள்ளல் சத்தம் கொடுக்கிறது, போன ஞாயிறு அங்கேயும் நான்கு தாள் ஒட்டியிருக்கிறேன்.