நவ் ஷப்பேலில் மண் பரிசோதனை

வடக்கு பிரான்சின் லீல் நகர அலுவலகத்தில் எனக்குக் கொடுத்த வேலை, மண் பரிசோதனை அறிக்கைகள். எங்கே துளையிடுவது, எவ்வளவு ஆழம், எத்தனை மீட்டரில் தண்ணீர் வருகிறது, களியா மணலா என்று பார்ப்பது. ஊரில் செய்துகொண்டிருந்த அதே வேலைதான். ஆனால் இங்கே செலவுப் பட்டியலில் கூடுதலாக ஒரு வரி இருந்தது: வெடிபொருள் ஆய்வு. முதல் உலகப் போரில் வீசி, வெடிக்காமல் மண்ணுக்குள் இறங்கிய குண்டுகள் வழியில் கிடக்கின்றனவா என்று பார்ப்பதற்கான செலவு அது. அலுவலகத்தில் யாரும் அதைப் பெரிதாகப் பேசுவதில்லை. சாலைத் தடுப்பு, கழிவறை வாடகை, வெடிபொருள் ஆய்வு என்று வரிசையாக எழுதிவிட்டு அடுத்த பக்கம் போய்விடுவார்கள்.

ஒரு வடிகால் குழாய் வேலைக்காக நவ் ஷப்பேல் பக்கம் போனோம். லீலிலிருந்து தென்மேற்கே சுமார் 25 கிலோமீட்டர். சிவப்புச் செங்கல் வீடுகள், ஒரு தேவாலயம், சுற்றிலும் உருளைக்கிழங்கும் பீட்டும் விளையும் வயல்கள். பழைய ஊர் என்று ஒன்றும் மிச்சமில்லை. போரில் தரைமட்டமான கிராமத்தைப் பிறகு மறுபடி கட்டியிருக்கிறார்கள்.

துளையிடும் வண்டி இறங்குவதற்கு முன் ஒருவர் காந்தப்புலத்தை அளக்கும் கருவியோடு வயலில் நடப்பார். கருவி கத்திக்கொண்டே இருக்கும். முள்கம்பித் துண்டு, குண்டுச் சிதறல், எல்லாமே இரும்பு. எது ஆபத்து, எது குப்பை என்று பிரிப்பதுதான் கஷ்டம். சந்தேகம் வந்தால் துளையை நகர்த்திவிடுவோம். இதற்காகவே 1915-இன் பதுங்குகுழி வரைபடங்களை இன்றைய வரைபடத்தின் மேல் ஏற்றி வைத்திருந்தார்கள். நாங்கள் குழாய் போட நினைத்த கோடு ஜெர்மானிய முன்வரிசையை இரண்டு இடங்களில் வெட்டியது.

விவசாயிகளுக்கு இது பழகிவிட்டது. ஏர் ஓட்டும்போது குண்டு தட்டுப்பட்டால் ஊராட்சி அலுவலகத்துக்குச் சொல்வார்கள். அப்புறம் அரசின் வெடிகுண்டு அகற்றும் குழு வந்து எடுத்துப் போகும். சிலவற்றில் நச்சு வாயு இன்னும் இருக்கிறது. அப்படிச் சேர்த்து வைத்த கிடங்கு ஒன்று வீமி ஊரில் ஆபத்தான நிலைக்குப் போனதால், 2001 ஏப்ரலில் 10,000-க்கும் மேற்பட்ட மக்களை வீட்டைவிட்டு வெளியேற்ற வேண்டியிருந்தது.

மண் மாதிரியைக் கையில் எடுத்துப் பார்த்த பிறகுதான் அந்தப் போர் எனக்குப் பிடிபட்டது. கனமான களி, குளிர்காலத்தில் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர். இங்கே ஆழமாகப் பதுங்குகுழி வெட்ட முடியாது. அதனால் இரண்டு தரப்புமே தரைக்கு மேல் மண்ணையும் மணல்மூட்டைகளையும் சுவராகக் குவித்து அதன் பின்னால் இருந்தார்கள். மார்சேய் துறைமுகத்தில் 1914 செப்டம்பரில் வந்திறங்கிய இந்தியச் சிப்பாய்கள் முதல் குளிர்காலத்தைக் கழித்தது இந்தச் சேற்றில்தான்.

ஜெர்மானியர் கையிலிருந்த இந்த நவ் ஷப்பேலைப் பிடிக்க, 1915 மார்ச் 10 காலை ஏழரைக்கு பிரிட்டிஷ் பீரங்கிகள் 35 நிமிடம் சுட்டன. அதற்கு முன்பே விமானத்திலிருந்து படமெடுத்து எதிரியின் வரிசை முழுவதையும் வரைந்து வைத்திருந்தார்கள். இன்று நாங்கள் ட்ரோனில் செய்வதை அப்போதே செய்திருக்கிறார்கள், ஆச்சரியம்தான். ஆனால் வரைபடம் இருந்தும் இந்தியப் படைப்பிரிவின் முதலாம் கட்வால் பட்டாலியன் திசை தவறி வலது பக்கம் விலகி, பீரங்கி தொடாத முள்கம்பியில் போய் மோதியது. கிராமம் அன்றே கைக்கு வந்தது. அதன் பிறகு தொலைபேசிக் கம்பிகள் அறுந்து உத்தரவுகள் தாமதமாகின, குண்டுகளும் போதவில்லை, எல்லாம் நின்றுபோனது. மூன்று நாளில் பிரிட்டிஷ் தரப்பில் சுமார் 12,000 பேர் இறந்தார்கள், காயப்பட்டார்கள் அல்லது காணாமல் போனார்கள். அதில் 4,000-க்கும் மேல் இந்தியப் படைப்பிரிவைச் சேர்ந்தவர்கள். கிடைத்தது ஒரு கிராமமும் ஒரு கிலோமீட்டர் சொச்சம் வயலும்.

"நினைவிடம் பார்க்க வந்தீர்களா?" என்று வயல்காரர் என்னைக் கேட்டார். இந்திய முகத்தைப் பார்த்தால் அங்கே எல்லோரும் கேட்கும் கேள்வி. வேலைக்கு வந்தேன் என்றதும் சிரித்துவிட்டு வழி காட்டினார். மதிய இடைவேளையில் போனேன். வட்டமான சுவர், ஏறக்குறைய 15 மீட்டர் உயரத் தூண், காவலுக்கு இரண்டு கல் புலிகள். கட்டடக் கலைஞர் ஹெர்பர்ட் பேக்கர் வடிவமைத்து 1927 அக்டோபரில் திறந்தது. கல்லறை கிடைக்காத 4,700-க்கும் மேற்பட்ட இந்தியப் படையினரின் பெயர்கள் சுவரில் இருக்கின்றன. 19 வயதில் இறந்து பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் பெற்ற கப்பர் சிங் நேகியும் அங்கேதான்.

நம் தமிழ்ப் பெயர் ஏதாவது தென்படுகிறதா என்று கண் தேடத்தான் செய்தது. கட்வாலி, கூர்க்கா, சீக்கியர், பஞ்சாபி முஸ்லிம், பட்டாணியர் என்றே வரிசை போகிறது. காரணம் உண்டு. 1880-களில் மதராஸ் படைக்குத் தலைமை வகித்து, பிறகு இந்தியா முழுமைக்கும் தளபதியான ராபர்ட்ஸ் பிரபு, தெற்கத்தியர்கள் சண்டைக்கு லாயக்கில்லை என்று முடிவுகட்டினார். வடக்கின் 'போர்க்குடி'களையே சேர்க்கும் கொள்கை அவர் காலத்தில்தான் வலுத்தது. அதே ராபர்ட்ஸ் 1914 நவம்பரில் இந்தியப் படைகளைப் பார்க்க இந்தப் பக்கம் வந்து, நிமோனியா கண்டு, சான் ஓமேர் நகரில் இறந்துபோனார். இங்கிருந்து காரில் போய்வரக்கூடிய தூரம்தான் அது. அவர் ஒதுக்கியதை அவமானம் என்று சொல்வதா, அதனால் பிழைத்த உயிர்களை எண்ணுவதா? இரண்டும் எனக்கு ஒட்டவில்லை. எந்தச் சாதி நன்றாகச் சுடும் என்று பட்டியல் போட்டு ஆள் எடுத்த அந்த மனக்கணக்குதான் எரிச்சலூட்டியது.

பக்கத்திலேயே போர்த்துகீசியக் கல்லறைத் தோட்டம் ஒன்று இருக்கிறது, 1,831 கல்லறைகள். அதைப் பார்க்க நேரமில்லாமல் திரும்பினேன். மதியம் மூன்றாவது துளையின் இடத்தில் கருவி விடாமல் கத்தியதால் நான்கு மீட்டர் தள்ளிப் போட்டோம். அறிக்கையில் "இரும்புச் சமிக்ஞை, இடம் மாற்றப்பட்டது" என்று எழுதினேன். வாடிக்கையாளர் அந்தக் கூடுதல் செலவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.