எக்டேசிஸ் என்று முடிகிற பேர்களைப் படிப்பது எப்படி?

திருவாரூர், மன்னார்குடி பக்கமிருந்து பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்துவிட்டு, தஞ்சாவூருக்கு எம்பிபிஎஸ் படிக்க வரும் தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன். நானும் அப்படி வந்தவள்தான். முதலில் நம்மை மிரட்டுவது பாடம் இல்லை, நோய்களின் பேர்கள். அவற்றை மனப்பாடம் பண்ணாதீர்கள், பிரித்துப் படியுங்கள்.

எக்டேசிஸையே எடுத்துக்கொள்வோம். கிரேக்கத்தில் 'எக்' என்றால் வெளியே. 'டெய்னெய்ன்' என்றால் இழுத்து நீட்டுவது. இழுபட்டு விரிவதுதான் எக்டேசிஸ். டெலாஞ்சியெக்டேசியா என்பதில் டெலோஸ் முனை, ஆஞ்சியான் நாளம்: கடைக்கோடி நுண்நாளங்கள் விரிந்து தோலில் சிவப்பு இழைகளாகத் தெரிவது. அடெலெக்டேசிஸ் வந்தால் மட்டும் உஷார். முன்னால் நிற்கும் 'அடெலெஸ்' என்பதற்கு முழுமை பெறாத என்று பொருள். நுரையீரல் முழுதாக விரியாமல் சுருங்கிக் கிடக்கிறது. அதை விரிவு என்று எழுதினால் மார்க் போய்விடும்.

வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், அதிகம் கேட்பது பிராங்கியெக்டேசிஸ்: மூச்சுக்குழாய் நிரந்தரமாக விரிந்துபோவது. ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டுபிடித்த லென்னெக் 1819-இலேயே விவரித்த நோய். ஆறு வாய்க்காலாகி, வாய்க்கால் கன்னி வாய்க்காலாகி, பிரியப் பிரியக் குறுகுவதை நாம் வயலில் பார்த்தே வளர்ந்தவர்கள். மூச்சுக்குழாயும் அப்படித்தான் குறுக வேண்டும். இந்த நோயில் குறுகாது. தொற்றும் அழற்சியும் மாறி மாறி வந்து, சுவரிலுள்ள தசையையும் மீள்நாரையும் அரித்துவிடும். தளர்ந்த குழாய் விரிந்தபடியே நின்றுவிடும், சளி தேங்கும், மறுபடி தொற்று. விளக்கம் சொல்லும்போது 'நிரந்தரமாக' என்ற சொல்லை விடவே கூடாது. நிமோனியாவில் விரிகிற குழாய் பிறகு பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம். சிடி ஸ்கேனில் பக்கத்துத் தமனியைவிடக் குழாய் பெரிதாகத் தெரியும், முத்திரை மோதிரம் போன்ற அந்தத் தோற்றம்தான் சிக்னெட் ரிங்.

விரிவதெல்லாம் எக்டேசியா (எக்டேசிஸின் இன்னொரு வடிவம்) ஆகிவிடாது. பிரசவத்தில் கருப்பை வாய் 10 செ.மீ. திறப்பதை டைலடேஷன் என்போம், எக்டேசியா என்பதில்லை. பெருந்தமனி இயல்பான விட்டத்தைவிட 50 சதவீதமோ அதற்கு மேலோ விரிந்தால் அனியூரிசம். அதற்குக் குறைவென்றால் எக்டேசியா.

அடுத்து, பிராங்கியெக்டேசிஸுக்குக் காரணம் கேட்பார்கள். நம் நாட்டு நோயாளி என்பதால் பழைய டிபியை முதலில் சொல்லுங்கள். பிறகு சின்ன வயசில் வந்த தட்டம்மை, கக்குவான் இருமல். கேஸ் எடுக்கும்போது தினமும் எவ்வளவு சளி வருகிறது, காலையில் அதிகமா என்று கேளுங்கள். விரல் நுனியில் கிளப்பிங் (நுனி உருண்டு தடித்திருப்பது) இருக்கிறதா என்று பார்க்காமல் கட்டிலைவிட்டு நகராதீர்கள்.