வலப்பக்கமாக ஏறுதல்: திருகோணமலை நாட்குறிப்பு

2025 ஜனவரி 6

கண்டியில் இடது இடுப்பு மூட்டைச் சத்திரசிகிச்சையில் மாற்றிக்கொண்டு வீடு திரும்பிய பிறகு, இன்று காலைதான் குதிரைக் கொட்டில் வரை நடந்து போனேன். காயம் முழுமையாகக் காய்ந்த பின்பே கொட்டிலுக்குள் கால் வைக்க வேண்டும் என்பதில் சத்திரசிகிச்சை நிபுணர் கண்டிப்பாக இருந்தார். குதிரை லத்தியிலும் அது கலந்த மண்ணிலும் ஏற்பு வலியை (டெட்டனஸ்) உண்டாக்கும் கிருமியின் வித்துகள் இருக்கக்கூடும் என்பதால் அந்தக் கண்டிப்பு எனக்கு நியாயமாகவே பட்டது.

மட்டக்குதிரைகள் இரண்டும் நுவரெலியாவிலிருந்து வந்தவை. 1868 மீற்றர் உயரத்துக் குளிரில் சுற்றுலாப் பயணிகளைச் சுமந்துவிட்டு, வயதான காலத்தில் திருகோணமலையை அடுத்த உப்புவெளியின் வெயிலுக்கும் மணலுக்கும் வந்து சேர்ந்தவை. வெள்ளைச்சி என் வாக்கரின் இறப்பர் முனைகளை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்துவிட்டுத் தவிட்டு வாளிக்குத் திரும்பிவிட்டது. கறுவல் மட்டும் தலையை உயர்த்தி, காதுகளை என் பக்கம் நிமிர்த்தி, நான் பேசும் வரை அசையாமல் நின்றது. குரலைக் கேட்டதும் அதன் தலை தானாகத் தாழ்ந்தது. அந்த நெற்றியில் கை வைத்தபோது, இத்தனை வாரங்களாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் கண்ணீராக வந்துவிட்டது. நான் தம்பி என்று அழைக்கும் அக்காவின் மகன் ஒன்றும் கேட்காமல் வேலி ஓரமாகப் போய் நின்றான்.

இப்போதைக்கு மூன்று தடைகள் உள்ளன. இடுப்பை 90 பாகைக்கு மேல் மடிக்கக் கூடாது. கால் மேல் கால் போடக் கூடாது. இடது காலை உட்புறமாகத் திருப்பக் கூடாது. ஆகவே குளம்பைத் தூக்கிச் சுத்தம் செய்வதும், தாழ்ந்த பலகையில் அமர்ந்து கொள்ளு புடைப்பதும் தம்பியின் பொறுப்பாகிவிட்டன.

2025 ஜனவரி 15

பட்டிப் பொங்கல். அயலில் மாடுகளைக் குளிப்பாட்டிப் பொட்டிட்டு மாலை சூட்டியபோது, எங்கள் கொட்டில் வாசலிலும் அக்கா கோலம் போட்டார். உழவுக்கு உதவாத பிராணிக்கு ஏன் பட்டிப் பொங்கல் என்று வழக்கமாகக் கேட்பவர்கள் இவ்வருடமும் கேட்டார்கள். மனிதனுக்காக முதுகு கொடுத்த எந்த உயிருக்கும் அந்த மாலை உரியது என்பதே என் கருத்து. மழை விடாமல் பெய்ததால் நான் நீண்ட நேரம் வெளியில் நிற்கவில்லை.

2025 பெப்ரவரி 9

மழை ஓய்ந்து புல் குறுகிவிட்டது. கடற்கரையூரில் குதிரை வளர்ப்பவர் அஞ்ச வேண்டிய காலம் இதுதான். புல் கட்டையாகும்போது குதிரை அதை வேரோடு பிடுங்கித் தின்கிறது. வேரோடு மணலும் உள்ளே போகிறது. அந்த மணல் பெருங்குடலின் அடியில் படிந்து, நாளடைவில் உயிரையே வாங்கக்கூடிய வயிற்று வலியை உண்டாக்குகிறது.

குனிய முடியாத நான் இதைக் கண்காணிக்க ஒரு வழி செய்தேன். நிலத்தில் படாத நடுப்பகுதியாகப் பார்த்து, புதிய லத்தியைத் தம்பி எடுத்துத் தருவான். நான் உயரமான கதிரையில் அமர்ந்து, மேசைமேல் உள்ள கண்ணாடிப் போத்தலில் அதைத் தண்ணீரோடு கலந்து மூடிவைப்பேன். நார் மிதக்கும், மணல் அடியில் தங்கும். இன்று வெள்ளைச்சியின் போத்தலில் ஒரு மெல்லிய கோடு மட்டுமே தெரிந்தது. கறுவலின் போத்தலிலோ விரற்கடை அளவு வெண்மணல் படிந்திருந்தது. மிருக வைத்தியரிடம் தொலைபேசியில் பேசிய பின், தின்பதற்கு முழுவதும் புல்லும் வைக்கோலுமாக மேலே கட்டிய தொட்டியில் கொடுப்பதென்றும், தொட்டியின் கீழ் பழைய இறப்பர் விரிப்புப் போடுவதென்றும், இசப்புக்கோல் உமியைத் தவிட்டில் பிசைந்து கொடுப்பதென்றும் முடிவாயிற்று. வயிற்றில் எப்போதும் நார் நிறைந்திருப்பதுதான் மணலை வெளியே தள்ளும் பெரிய மருந்து என்று அவர் அழுத்திச் சொன்னார்.

சேணத்தில் அமராத இந்த மாதங்களைக் குதிரையோடு வாழாத மாதங்கள் என்று சிலர் இரங்குகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

2025 மார்ச் 2

ஊன்றுகோல் ஒன்றோடு மட்டும் நடக்கிறேன். ஒற்றைக் காலில் நிற்கும்போது மறுபக்க இடுப்பு சரிந்து தொங்காமல் தாங்குவது பிட்டத்தின் பக்கத் தசை. சத்திரசிகிச்சைக்கு முந்திய நொண்டலிலேயே அது மெலிந்துபோய்விட்டது. இயன் மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) கொடுத்த பயிற்சிகளில் பாதிக்கு மேல் அந்த ஒரு தசைக்காகவே.

எனக்குள் வைத்திருப்பது சீமெந்து இல்லாமல் பொருத்தும் டைட்டேனியத் தண்டு. அதன் கரடான மேற்பரப்பில் தொடை எலும்பு வளர்ந்து பற்றிக்கொள்ள முதல் மூன்று மாதங்களாவது வேண்டும் என்பதால், அதற்குள் விழுந்தால் என்னாகும் என்ற கேள்விக்கே இடம் வைக்கக் கூடாது. 1962 இல் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் இடுப்பு மூட்டு மாற்றுச் சிகிச்சையின் முன்னோடியான ஜோன் சார்ன்லி, இடுப்புக் குழிக்கான பொலிஎதிலீன் கிண்ணத்தோடு பொருத்திய, தண்டின் தலையிலுள்ள உலோகப் பந்து ஏறத்தாழ 22 மில்லிமீற்றர் விட்டமே கொண்டது. பந்து சிறியதாக இருந்ததால் உராய்வு குறைந்தது. ஆனால் சிறிய பந்து கிண்ணத்தை விட்டு நழுவவும் எளிது. இக்காலத்தில் அதைவிடப் பெரிய பந்துகளையே பெரும்பாலும் வைக்கிறார்கள். இருந்தும், ஆழமாக மடிந்த நிலையில் கால் உட்புறம் திரும்பினால் மூட்டு நழுவும் ஆபத்து முற்றாக நீங்கிவிடவில்லை.

இங்கேதான் சவாரி செய்பவருக்குச் சிக்கல் வருகிறது. குதிரையின் இடப்பக்கம் நின்று, சேணத்திலிருந்து தொங்கும் கால்மிதியான அங்கவடியில் இடது பாதத்தை வைத்து ஏறுவதே வழக்கம். வாளை இடப்புறம் தொங்கவிட்ட குதிரைப் படையினரிடமிருந்து வந்த பழக்கம் என்பார்கள். அப்படி ஏறும்போது இடது முழங்கால் நெஞ்சுவரை உயர்கிறது. உடம்பின் பாரம் முழுவதும் மடிந்த இடுப்பில் இறங்குகிறது. அதே கணத்தில் உடல் திரும்புகிறது. எனக்கு விலக்கப்பட்டவை அத்தனையும் ஒரே அசைவில் அடங்கியிருக்கின்றன. ஆகவே நான் ஏறுவதானால் வலப்பக்கத்திலிருந்து, உயரமான படிமேடையில் நின்றுதான் ஏற வேண்டும்.

2025 மார்ச் 23

மேசன் வந்து கொட்டிலுக்கு வெளியே மூன்று படிகள் கொண்ட மேடை கட்டித் தந்தார். உச்சிப் படி இரண்டு பாதங்களும் தாராளமாக நிற்கும் அகலத்தில் இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்தினேன். ஏறுவதைவிட இறங்குவதற்கே அந்த அகலம் தேவை. குதிரை மேலிருந்து நிலத்தில் குதிப்பதை இனி நான் நினைக்கவும் கூடாது. மேடையருகே அணைந்து, நான் காலை வீசி இறங்கி முடியும் வரை குதிரை அசையாமல் நிற்கப் பழகிய பிறகுதான், ஏறும் பேச்சையே எடுக்க வேண்டும்.

பயிற்சி கறுவலுக்கு. வெள்ளைச்சிக்கு வயிறு அகலம். அதன்மேல் அமர்ந்தால் தொடைகள் இரண்டும் அளவுக்கு மீறி விரியும். கறுவல் ஒடுக்கமான உடம்புக்காரன்.

குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருப்பதால், நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் தவிர ஏறக்குறையச் சுற்றிலும் அதற்குத் தெரியும். ஆனால் இடக்கண்ணுக்குப் பழகிய ஒன்று வலக்கண்ணின் பக்கமாக வரும்போது, அதைப் புதிதாகக் காண்பதுபோலவே பல குதிரைகள் நடந்துகொள்கின்றன. பல்லாண்டுகள் இடப்பக்கத்திலிருந்தே ஆட்களை ஏற்றிய கறுவல், வலப்பக்க மேடையில் நான் உயர்ந்து நின்றதும் பிட்டத்தை விலக்கிக்கொண்டு நகர்ந்தது. சேணத்தின் அடியில் தோல் சிலிர்த்தது. வால் இறுகிக் கால்களுக்கிடையில் ஒட்டியது. நான் கையை மட்டும் பிடரியடியில் வைத்துச் சொறிந்தேன். வால் தளர்ந்ததும் சிறு துண்டு கரட். அதற்கு மேல் இன்று எதுவும் கேட்கவில்லை. பயந்த நிலையில் பாடத்தை முடித்தால் பயத்தையே அது பாடமாக எடுத்துக்கொள்ளும்.

2025 ஏப்ரல் 14

புதுவருடம். மருத்துநீர் வைத்து முழுகி, கோணேசர் கோயிலுக்குக் காரில் போய், சுவாமி மலை ஏற்றத்தை மெதுவாக நடந்தேன். கோட்டைக்குள் மான்கள் வழக்கம்போல் மர நிழலில் படுத்திருந்தன. சந்நிதியில் தரையில் அமர முடியாதது மட்டும் மனதை உறுத்தியது.

2025 மே 11

தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று எழுந்துவிட்டது. பகலில் நிலத்தின் அனல் முழுவதையும் அள்ளிக் கடலை நோக்கி வீசுகிறது. குதிரைகளைக் காலை ஆறு மணிக்கு முன்பே வெளியில் எடுக்கிறோம். வெப்பமும் ஈரமும் கூடிய ஊர்களில் சில குதிரைகளுக்கு வியர்ப்பது நின்றுவிடும். வியர்க்காத குதிரை தன் சூட்டை இறக்க முடியாமல் மூச்சு வாங்கும். ஆகவே வேலை முடிந்ததும் கறுவலின் கழுத்திலும் விலாவிலும் கை வைத்துப் பார்க்கிறேன். கை நனைந்தால் நிம்மதி.

நீண்ட கயிறுகள் இரண்டைக் கடிவாளத்தில் பூட்டி, குதிரைக்குப் பின்னால் பாதுகாப்பான தூரத்தில் நடந்தபடி அதை ஓட்டும் முறையைத்தான் இப்போது செய்கிறேன். குதிரைக்கும் உடற்பயிற்சி, எனக்கும் இடுப்புப் பயிற்சி. உலர்ந்த மணலில் நடந்தால் இரவில் இடுப்பு நோகிறது. அலை தொட்ட ஈரமணலில் நோவதில்லை.

இதற்கிடையில் வலப்பக்கப் பாடம் முன்னேறியிருக்கிறது. அங்கவடியை வலப்பக்கம் ஆட்டிச் சேணத்தில் தட்டினாலும், தம்பி வயிறு படக் குறுக்கே படுத்தாலும் கறுவல் நிற்கிறது. அவன் வலப்பக்கத்திலிருந்து ஏறி, மேடையிலேயே இறங்கவும் செய்கிறான். "சின்னம்மா, இனி நீங்கள்தான்" என்கிறான். எக்ஸ்ரே பார்க்காமல் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

2025 ஜூன் 8

கிளினிக்குக்குப் போய் வந்தோம். தண்டு எலும்பில் நன்றாகப் பற்றியிருக்கிறது. சத்திரசிகிச்சை நிபுணர் என் நடையைப் பின்னாலிருந்து கவனித்தார், ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார், இடுப்பு சரியவில்லை. சவாரியை அவர் பரிந்துரைக்கவில்லை, அனுமதித்தார். விழுந்தால் தண்டைச் சுற்றித் தொடை எலும்பு உடையலாம், அதைச் சரிசெய்வது முதல் சத்திரசிகிச்சையைவிடக் கடினம் என்பதை ஒளிக்காமல் சொன்னார். பழகிய, அமைதியான குதிரை. நடையும் மெல்லோட்டமும் மட்டும். பாய்ச்சலும் தாண்டலும் கூடாது. இவை அவருடைய நிபந்தனைகள். ஹெல்மெட்டைப் பற்றி அவர் கேட்பதற்கு முன்பே நான் சொல்லிவிட்டேன்.

2025 ஜூன் 15

ஏறினேன்.

தம்பி கறுவலின் தலைப்பக்கம் நின்றான். அங்கவடியில் வலது பாதம், பிடரியில் ஒரு கை, சேணத்தின் முன்மேட்டில் ஒரு கை. மேடை உயரமாக இருந்ததால் எம்ப வேண்டியிருக்கவில்லை. பாரத்தை வலது காலுக்கு மாற்றினாலே போதுமாயிருந்தது. இடது காலை நீட்டியபடியே பின்புறமாக மெதுவாகக் கடத்தி மறுபக்கம் இறக்கினேன். கறுவலின் வலது காது என்னை நோக்கித் திரும்பியது. மற்றபடி அது ஓர் அடிகூட நகரவில்லை.

அமர்ந்ததும் தொடையின் உட்பக்கம் இழுத்தது. அது மூட்டின் நோவு அல்ல, நீண்ட நாள் விரியாத தசையின் நோவு. கொட்டிலைச் சுற்றி நடந்தபோது கறுவல் மீண்டும் மீண்டும் வலப்பக்கமாகவே சாய்ந்து போவதைக் கண்டு நிறுத்தினோம். தம்பி முன்னால் நின்று பார்த்து, என் இடது முழங்கால் மறு முழங்காலைவிட மடிந்திருப்பதாகச் சொன்னான். மூட்டு மாற்றிய பின் அந்தக் கால் நீண்டுவிட்டதுபோல் உணர்வது பலருக்கும் உண்டு. எனக்கும் அங்கவடியில் அது வெளிப்பட்டது: இடது அங்கவடியின் வார் அந்தக் காலுக்குக் கட்டையாகி, உடம்பைத் தள்ளி என் பாரம் முழுவதையும் வலது இருக்கை எலும்பில் இறக்கியிருந்தது. இடது வாரை ஒரு துளை இறக்கியதும் குதிரை நேராக நடந்தது. மருத்துவரின் கையும் எக்ஸ்ரேயும் காட்டாத சரிவை முதுகால் உணர்ந்து எனக்கு அறிவித்த அந்தப் பிராணியின் நுண்மையை நினைக்க நினைக்க எனக்கு வியப்புத் தீரவில்லை.

மேடையில் அணைந்து இறங்கினேன். பிறகு அக்கா தேநீர் கொண்டுவந்தபோது என் கைகள் நடுங்கின. பயத்தால் அல்ல, மகிழ்ச்சியால்.

2025 ஜூலை 6

விடியற்காலையில், காற்று எழும் முன், சல்லி என்ற ஊர்ப் பக்கமாகக் கடற்கரையில் வடக்கு நோக்கிப் போனோம். தம்பி பக்கத்தில் நடந்து வந்தான். மீனவர் வாடிகளுக்கு அப்பால் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஈரக் கயிறு கடலிலிருந்து எழுந்து மணலில் விழுந்து, மறுபடி விறைத்து, எங்கள் வழிக்குக் குறுக்கே கிடந்தது. "அம்மா, கொஞ்சம் நில்லுங்கோ, மடி வருகுது" என்று ஒருவர் குரல் கொடுத்தார். மீன் சேரும் வலைப்பையைத்தான் மடி என்பார்கள்.

நின்றோம். கடல் எங்களுக்கு வலப்பக்கம். கயிறு திடீரென உயர்ந்து நீர்த்துளி தெறித்தபோது கறுவலின் முதுகு எனக்குக் கீழே இறுகியது. நான் மூச்சை நீளமாக விட்டு, கடிவாளத்தை இழுக்காமல், வலது கையால் அதன் கழுத்தடியைச் சொறிந்தேன். மேடையருகே எத்தனையோ காலைகளில் சொறிந்த அதே இடம். முதுகு தளர்ந்தது. வலப்பக்கப் பாடம் இல்லாவிட்டாலும் அது நின்றிருக்கக்கூடும். ஆனால் அந்தக் கையை அது அறிந்திருந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. மடி கரையேறி, சாளை மீன்கள் பெட்டிகளில் விழுந்த பிறகு, கயிற்றைத் தாழ்த்திப் பிடித்து எங்களுக்கு வழி விட்டார்கள்.

2025 ஜூலை 27

கறுவலின் முன்னங் குளம்புகள் வளர்ந்துவிட்டன. மணலில் மட்டும் நடப்பதால் லாடம் தேவையில்லை; விளிம்பை அராவினால் போதும். அதை இன்னமும் தம்பியே செய்கிறான். மெல்லோட்டம் கொட்டில் வெளியில் மட்டும், சிறிது தூரம். பாய்ச்சல் இல்லை என்பதை நான் இழப்பாக எண்ணவில்லை. கேட்பவர்களுக்கும் அப்படியே சொல்கிறேன்.

நாளை முதல் வெள்ளைச்சியையும் வலப்பக்க மேடைக்குப் பழக்கத் தொடங்குகிறோம். அதன்மேல் நான் அமரப்போவதில்லை. மூட்டு நோயால் சவாரியை விட்டுவிட்ட சிநேகிதி ஒருவர், தனக்கும் சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்திருப்பதாகச் சொல்லி, கொட்டிலைப் பார்க்க வர விரும்புகிறார். அவருக்கு மாற்றப்போவது வலது மூட்டு. ஆகவே எந்தப் பக்கத்திலிருந்து ஏறுவது அவருக்கு உகந்தது என்பதை அவருடைய நிபுணரிடமே கேட்டு வரும்படி சொல்லியிருக்கிறேன். வெள்ளைச்சி இரண்டு பக்கமும் நிற்கப் பழகியிருக்கட்டும்.