தியேட்டரிலிருந்து கேசட்டுக்கு

மார்ச் 4

அமெரிக்க நீலப்படத் தொழிலின் எழுபதுகளைப் படித்துக்கொண்டிருக்கிறேன். அப்போது இந்தப் படங்களைப் பார்க்கத் தியேட்டருக்குத்தான் போக வேண்டும். நியூயார்க்கில் 42-ஆவது தெரு, சான்பிரான்சிஸ்கோவில் மிட்செல் சகோதரர்கள் 1969-இல் திறந்த ஓ'ஃபாரல் தியேட்டர். 1972-இல் 'டீப் த்ரோட்' வந்தபோது தம்பதிகள்கூட வரிசையில் நின்றார்கள். அடுத்த ஆண்டே மில்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம், எது ஆபாசம் என்பதை அந்தந்த ஊர் வழக்கப்படி முடிவு செய்யலாம் என்றது. ஓர் ஊரில் ஓடும் படம் இன்னோர் ஊரில் வழக்காகிவிடும்.

மார்ச் 6

வீட்டில் கேசட் போட்டுப் பார்க்கும் வீடியோ முறையான சோனியின் பீட்டாமேக்ஸ் 1975-இல் வந்தது. அதற்குப் போட்டியான விஎச்எஸ் அமெரிக்காவுக்கு வந்தது 1977-இல். டிவியில் வருவதை வீட்டில் பதிவதே பதிப்புரிமை மீறல் என்று யுனிவர்சல் பட நிறுவனம் சோனி மீது வழக்கே போட்டது. 1984 வரை இழுத்தது. நீலப்படக்காரர்கள் காத்திருக்கவில்லை, கையிலிருந்த பழைய படங்களைக் கேசட்டில் ஏற்றி விற்றார்கள். தெரிந்தவர் கண்ணில் படாமல் வீட்டிலேயே பார்க்கலாம் என்பதால், விலை அதிகமாக இருந்தும் வாங்கினார்கள். நீலப்படத்தால்தான் விஎச்எஸ் ஜெயித்தது என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. ஆரம்ப பீட்டாமேக்ஸ் கேசட்டில் 1 மணி நேரம்தான் பதியும், விஎச்எஸ்ஸில் 2 மணி நேரம். அந்த வித்தியாசம் போதும்.

மார்ச் 7

பெரிய வாடகைக் கேசட் கடைச் சங்கிலியான பிளாக்பஸ்டர் இந்தக் கேசட்டுகளை வைக்கவில்லை. பக்கத்துத் தெருச் சின்னக் கடைகள் பின்னறையில் வைத்து வாடகைக்கு விட்டன.

மார்ச் 10

என்னை உறுத்துவது வேறு. வீடியோ கேமரா வந்ததும் பிலிம் வாங்கும் செலவு இல்லை, லேபில் கழுவும் வேலையும் இல்லை. படப்பிடிப்பு சில நாட்களில் முடிந்தது, அப்புறம் அதுவும் சுருங்கியது. நடித்தவர்களுக்கு அன்றைய கூலி மட்டுமே. கேசட் எத்தனை பிரதி விற்றாலும் ராயல்டி இல்லை. அதற்காகத் தியேட்டர் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். 'டீப் த்ரோட்' நாயகி லிண்டா போர்மன், கணவர் தன்னை மிரட்டி நடிக்க வைத்ததாகப் பின்னர் எழுதினார். 1986-இல் நீலப்படங்கள் பற்றி அரசு அமைத்த மீஸ் ஆணையம் விசாரித்தபோது அங்கும் சாட்சி சொன்னார். ஆக, பார்ப்பவருக்குத்தான் வசதி கூடியது. நடித்தவர் நிலைமை அப்படியே.

மார்ச் 13

ஒரே ஓர் ஆறுதல், கேண்டிடா ராயல். நடிகையாக இருந்தவர், 1984-இல் ஃபெம் புரொடக்ஷன்ஸ் தொடங்கி, பெண்களும் தம்பதிகளும் வீட்டில் பார்க்கும்படி தானே படமெடுத்தார். கேசட் இல்லாவிட்டால் அந்தப் பார்வையாளர்களை அவர் எட்டியிருக்க முடியாது. 1988-இல், கூலி கொடுத்து நடிக்க வைப்பது பாலியல் தொழிலுக்கு ஆள்பிடிப்பதாகாது என்று ஃப்ரீமன் வழக்குத் தீர்ப்பு வந்து, கலிபோர்னியாவில் படமெடுப்பதற்கு இருந்த சட்டத் தடையும் விலகியது. ராயலின் நாட்குறிப்புகள் இப்போது ஹார்வர்டின் ஷ்லெசிங்கர் நூலகத்தில் இருக்கின்றன. அடுத்து அவற்றைப் பற்றித்தான் படிக்கப் போகிறேன்.