கையைக் கட்டிக்கொண்டு ஒரு காவல்

கடலாமை முட்டைகளைக் காக்கும் தன்னார்வலர் என்று சொன்னால், "குஞ்சைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா?" என்பதுதான் முதல் கேள்வி. எடுக்காமல் இருப்பதுதான் பாதி வேலை என்றால் யாரும் நம்புவதில்லை. உதவி செய்யக் கை துறுதுறுக்கும். அதை அடக்கிப் பழகவே எனக்கு ஒரு பருவம் போதவில்லை.

விடிவதற்குள் ரோந்து கிளம்பிவிடுவோம். ஆள் நடமாட்டம் வந்துவிட்டால், இரவில் முட்டையிட வந்த தாய் ஆமையின் தடம் அழிந்துபோகும். டிராக்டர் டயர் உருண்டதுபோல் ஒரு தடம் மேலேறியிருக்கும், இன்னொன்று கடலுக்கு இறங்கியிருக்கும். நடுவில் மணல் கிளறிக் கிடந்தால் முட்டை இருக்கலாம். கிளறலே இல்லாமல் வளைந்து திரும்பியிருந்தால், விளக்கையோ ஆட்களையோ கண்டு மிரண்டிருக்கலாம். விரலால் மெல்லத் தோண்டுவோம். சுற்றிலும் மணல் இறுகியிருக்கும். முட்டைக்குழிக்கு நேர் மேலே மட்டும் கை பொசுக்கென்று உள்ளே இறங்கும். அதற்குக் கீழே, குடுவை வடிவக் குழியில், சுமார் 100 முட்டைகள்.

அலை எட்டாத இடமென்றால் அப்படியே மூடி, கம்பு நட்டு, நாடா கட்டி, அறிவிப்புப் பலகை வைத்துவிட்டு நகர வேண்டியதுதான். நீர் ஏறி மூழ்கடிக்கும் இடமென்றால் மட்டும் இடமாற்றுவோம், அதுவும் இட்ட சில மணி நேரத்துக்குள். அப்புறம் கரு, ஓட்டின் உட்புறம் மேல்பக்கமாக ஒட்டிக்கொள்ளும். முட்டையைப் புரட்டினால் செத்துவிடும். இடமாற்றிய முட்டைகளைப் பொரிப்பகத்தில், அதாவது வேலி போட்ட மணல் பகுதியில், புதைத்து வைத்தாலும் கவலை தீராது. குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடுதான் தீர்மானிக்கிறது. சுமார் 29 டிகிரிக்கு மேலே போகப் போகப் பெண் கூடும். நல்லெண்ணத்தில் கொதிக்கும் மணலில் வேலி போட்டால், பொரிப்பதெல்லாம் பெண்ணாகவே போய்விடலாம்.

குஞ்சுகள் பெரும்பாலும் மணல் குளிர்ந்த இரவில்தான் மேலே வரும். வெளிச்சமான பக்கம் கடல் என்பது அவற்றின் பிறவிக் கணக்கு. ஒரு தெருவிளக்கு போதும், சாலைப் பக்கம் திரும்பிவிடும். செல்போன் டார்ச்சை அணைக்கச் சொல்லித் தொண்டை வற்றிப்போகும்.

"தம்பி, பாவமா இருக்குப்பா, தூக்கித் தண்ணியில விட்டுடேன்" என்றார் ஒரு அம்மா.

"நடக்கட்டும்மா. வழியில யாரும் நிக்காம இருந்தாலே போதும்."

அந்த நடையில்தான் குஞ்சு திசை பிடிக்கிறது என்கிறார்கள் ஆய்வாளர்கள். அந்த அம்மாவுக்கு அது சமாதானமாகவில்லை. ஆனாலும் நாலடி தள்ளி நின்றுகொண்டு, மற்றவர்களையும் தள்ளி நிற்கச் சொன்னார்.

எனக்கு ஆத்திரம் வருவது வாளியைக் கண்டால்தான். முக்கிய விருந்தினர் வரும்வரை குஞ்சுகளை வாளியில் போட்டுவைத்து, நன்றாக விடிந்த பிறகு கேமராவுக்கு முன்னால் விடுவது சில இடங்களில் சடங்காகவே ஆகிவிட்டது. வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள் கருவை நம்பி ஏறக்குறைய ஒரு நாள் விடாமல் நீந்தி ஆழ்கடலுக்குப் போக வேண்டிய உயிர் அது. அந்தத் தெம்பை வாளிச் சுவரில் முட்டியே தீர்த்துவிடும். பகலில் விட்டால் பறவைகளுக்கும் கொண்டாட்டம்.

குஞ்சுகள் போன சில நாள் கழித்துக் குழியைத் தோண்டி ஓடுகளை எண்ணுவோம். அடியில் ஒன்றிரண்டு உயிரோடு சிக்கியிருந்தால் அப்போதுதான் கையில் எடுக்கலாம். எடுத்தாலும் மணலில்தான் விட வேண்டும், தண்ணீரில் அல்ல. எண்ணி முடித்ததும் குழியை மூடிவிட வேண்டும். மாலையில் குழந்தைகள் தோண்டிவிட்டுப் போகும் பள்ளங்களையும் சேர்த்துத்தான். இல்லையென்றால் அன்றிரவு பக்கத்துக் குழியிலிருந்து வரும் குஞ்சு அதில் விழுந்து, ஏற முடியாமல் கிடக்கும்.