பாலி மரே எழுதி வெச்ச வாதம்

அமெரிக்கால பெண்ணுரிமை வக்கீல்னா நிறைய பேருக்கு ரூத் பேடர் கின்ஸ்பர்க் பேர்தான் ஞாபகம் வரும், எனக்கும் அவங்க மேல பெரிய மரியாதை உண்டு. ஆனா 1971-ல ரீட்ங்கற பெண்ணுரிமை வழக்குக்காக சுப்ரீம் கோர்ட்ல தாக்கல் பண்ண எழுத்துவாதத்துல கின்ஸ்பர்க், அதை எழுதுறதுல நேரடியா பங்கெடுக்காத ரெண்டு பேரோட பேரையும் சேர்த்துப் போட்டாங்க. ஒண்ணு டோரதி கென்யன்ங்கற வக்கீல், இன்னொண்ணு பாலி மரேங்கற கறுப்பின வக்கீல். இவங்க ஏற்கனவே போட்ட பாதையிலதான் நான் நடக்குறேன்னு காட்டறதுக்காக.

பாலி மரே பிறந்தது 1910, பால்டிமோர்ல. இவங்க சின்ன வயசுல இருக்கும்போதே அம்மா இறந்துட்டாங்க, வட கரோலினால டர்ஹம்ல பெரியம்மா வீட்ல வளர்ந்தாங்க. 1938-ல வட கரோலினா பல்கலைக்கழகம் கறுப்பினம்னு சொல்லி இடம் தரல. 1940-ல வர்ஜீனியால பஸ்ல பின்னாடி உடைஞ்ச சீட்டுக்குப் போக மாட்டேன்னதுக்கு கைது, இதே மாதிரி பஸ் சீட்டை விட்டுக்கொடுக்க மறுத்துப் பேர் பெற்ற ரோசா பார்க்ஸுக்கு 15 வருஷம் முன்னாடி. அப்புறம் கறுப்பின மாணவர்கள் அதிகமா படிச்ச ஹோவர்ட் பல்கலைக்கழகத்துல சட்டம் படிக்கப் போனா வகுப்புல இவங்க ஒருத்தர்தான் பெண், பொம்பளைங்க எதுக்கு சட்டம் படிக்க வர்றாங்கன்னே தெரியலன்னு முதல் நாளே ஒரு பேராசிரியர் சொல்றார். 1944-ல முதலிடத்துல பாஸ் பண்ணி ஹார்வர்டுக்கு அப்ளை பண்ணா, பெண்ணுன்னு சொல்லி அங்கயும் கதவை சாத்திட்டாங்க. ஒரு இடத்துல நிறம், இன்னொரு இடத்துல பாலினம். ரெண்டும் ஒரே மாதிரி அநியாயம்தான்னு இவங்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியிருக்கல.

ஹோவர்ட்ல நடந்த ஒரு விஷயம் என்னை ரொம்ப பாதிச்சது. அப்போ சிவில் உரிமை வக்கீல்கள் வெள்ளையரையும் கறுப்பினரையும் பிரிச்சு வெச்சாலும் வசதி சமமா இருந்தா போதும்ங்கற 'தனித்தனி ஆனா சமம்' சட்டத்தை நேரா தாக்காம, பாருங்க இந்த ஸ்கூல் சமமா இல்லன்னு ஒவ்வொரு கேஸா நிரூபிச்சிட்டு இருந்தாங்க. மரே வகுப்புல எழுந்து, 'தனித்தனி'ங்கறதையே ஏன் அடிக்கக் கூடாதுன்னு கேட்டாங்க. கூட படிச்சவங்க சிரிச்சாங்க. 25 வருஷத்துக்குள்ள அந்தச் சட்டம் விழும்னு பேராசிரியர் ஸ்பாட்ஸ்வுட் ராபின்சன்கிட்ட 10 டாலர் பந்தயம் கட்டி அதையே கட்டுரையாவும் எழுதிக் கொடுத்தாங்க. பத்தே வருஷத்துல, 1954-ல, ஸ்கூல்கள்ல நிறத்தை வெச்சுப் பிரிக்கறது செல்லாதுன்னு சுப்ரீம் கோர்ட்டோட பிரவுன் தீர்ப்பு வந்துடுச்சு. அந்த வழக்கு டீம்ல இருந்த ராபின்சன் இந்தக் கட்டுரையை எடுத்து மத்தவங்களுக்கும் காட்டியிருக்கார், எழுதினவங்களுக்கு அது பல வருஷம் கழிச்சுதான் தெரிய வந்தது. படிக்கும்போது எனக்கு கோபமே வந்துச்சு.

அதே கருவியை அடுத்து பெண்கள் பக்கம் திருப்பினாங்க. சட்டத்து முன்னாடி எல்லாருக்கும் சம பாதுகாப்புன்னு சொல்ற அரசியல் சாசனத்தோட 14-வது திருத்தம் நிறத்தை வெச்சுப் பிரிக்கறதை தடுக்கும்னா பாலினத்தை வெச்சுப் பிரிக்கறதை மட்டும் ஏன் விடணும்னு 1965-ல மேரி ஈஸ்ட்வுட்டோட சேர்ந்து ஒரு சட்டக் கட்டுரை எழுதினாங்க. எழுதினதோட நிக்கல. அப்போ அலபாமா மாநிலத்துல லவுண்ட்ஸ் கவுண்டில கறுப்பின மக்களை ஜூரில சேர்க்கறதே இல்ல, பெண்களுக்கோ மாநிலச் சட்டப்படியே ஜூரில இடம் கிடையாது. சிவில் உரிமை அமைப்பான ஏசிஎல்யூ சார்புல மரேயும் கென்யனும் அந்த வழக்குல வேலை செஞ்சாங்க, 1966-ல ஃபெடரல் கோர்ட் ரெண்டுமே அரசியல் சாசனத்துக்கு விரோதம்னு சொல்லிடுச்சு. ஆனா அது சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போகவே இல்ல, அதனால நாடு முழுக்கக் கட்டுப்படுத்துற தீர்ப்பா ஆகல. அந்தக் குறை ரீட் வழக்குலதான் தீர்ந்தது. இறந்துபோன மகனோட சொத்தை நிர்வகிக்க ஒரு அம்மா கேட்டப்போ, ஆணுக்குத்தான் முன்னுரிமைன்னு சொன்ன ஐடஹோ சட்டத்தை நீதிபதிகள் ஒருமனதா தள்ளிட்டாங்க.

நடுவுல எவ்வளவோ வேலை. மாநிலம் மாநிலமா இனச் சட்டங்களை எல்லாம் தொகுத்து 1951-ல 700 பக்கத்துக்கு மேல புத்தகம், 1966-ல தேசிய பெண்கள் அமைப்பை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தர், 1977-ல எபிஸ்கோபல் சபையோட முதல் கறுப்பினப் பெண் பாதிரியார்.

என்னைக் கேட்டா இன்னிக்கும் அதிகமா பலன் தர்றது 1964-ல பண்ண ஒரு வேலைதான். சிவில் உரிமைச் சட்டத்துல வேலைவாய்ப்புப் பகுதியில பால் பாகுபாட்டையும் தடை பண்ற வரியைத் தூக்கிடலாம்னு பேச்சு நடந்தப்போ, அது இல்லாட்டி கறுப்பினப் பெண்களுக்கு பாதி பாதுகாப்புதான் கிடைக்கும்னு மரே ஒரு மெமோ எழுத, அது அரசியல்வாதிகள் கைக்குப் போச்சு, வரியும் தங்கிடுச்சு. ஒருபாலீர்ப்பு உள்ளவங்களையும் திருநர்களையும் அந்தக் காரணத்துக்காக வேலையை விட்டு எடுக்கக் கூடாதுன்னு 2020-ல பாஸ்டாக் வழக்குல சுப்ரீம் கோர்ட் சொன்னது அதே வரியை வெச்சுத்தான். இளமையில தன் உடம்பு பெண்ணோடதுன்னு ஏத்துக்க முடியாம, ஹார்மோன் சிகிச்சை கேட்டு டாக்டர்கள்கிட்ட அலைஞ்சு, கிடைக்காமலே போனவங்க மரே. 1985-ல இறந்துட்டாங்க, அந்தத் தீர்ப்பைப் பார்க்கல.