பெஞ்சுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு பேனர்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் கடற்கரை நடைபாதையில் பேனர் கட்டுகிறவர்களுக்குப் பாதி வேலை காற்றோடுதான். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகக் காற்று ஒரு சதுர மீட்டர் துணியை ஏறத்தாழ 17 கிலோ பாரத்துக்குச் சமமாகத் தள்ளும். 6 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் உயரம் என்றால் 150 கிலோ. வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்கு. அதனால் இங்கே கெட்டி ஃப்ளெக்ஸ் ஆகாது, காற்று புகும் வலைத்துணிதான் வேண்டும். ஓரத்தை மடித்துத் தைத்து, அரை மீட்டருக்கு ஒரு வளையம் அடித்து, எல்லா வளையத்தையும் கட்ட வேண்டும். நான்கு மூலையை மட்டும் இழுத்துக் கட்டினால் முதலில் மூலை பிய்யும். அப்புறம் துணி சாட்டையாய் அடித்து மிச்சத்தையும் பிடுங்கிவிடும். ஃப்ளெக்ஸில் அரைவட்டமாகக் கீறினால் போதும் என்பார்கள். கிழிசல் அந்தக் கீறலிலிருந்துதான் ஓடும். வடகிழக்குக் காற்றை மட்டும் நினைத்துக் கட்டினால், சட்டென்று திரும்பும் தென்மேற்குக் காற்று பின்னாலிருந்து தூக்கும். வெட்டிய ப்ளாஸ்டிக் டை முனைகளைப் பொறுக்காமல் போகவே கூடாது. மணலில் வெறுங்காலோடு பிள்ளைகள் ஓடுகிற இடம் இது.

விளம்பரம் கொடுப்பவர்கள் கேட்பதோ பெஞ்சுக்கு நேர் எதிரே உள்ள கம்பித் தடுப்பை. வண்டியில் போகிறவர் சில நொடிதான் பார்ப்பார். பிரியாணிச் சட்டியைத் திறந்து வைத்து உட்கார்ந்த குடும்பம் அரை மணி நேரம் அங்கேயே இருக்கும். அந்த அரை மணி நேரம்தான் விலைக்குப் போகிறது.

இந்தியர்களான நம்மவர்கள் எந்த மணலில் உட்காரலாம் என்று நிறவெறி ஆட்சி பலகை நட்டுச் சொன்ன கரை இது. அதற்குத் துணை நின்ற, பொது இடங்களை இனவாரியாகப் பிரித்த 1953 சட்டம் 1990இல்தான் ரத்தானது. அப்படிக் கிடைத்த இடத்தில் கடலைப் பார்க்கும் உரிமையை யாருக்கும் விற்கக் கூடாது. விளம்பரம் இல்லாவிட்டால் செலவுக்கு என்ன வழி என்பார்கள். புகையிலை விளம்பரத்தைத் தடுத்த 1999 சட்டத் திருத்தத்தால் சிகரெட் பெயர்கள் மைதானங்களை விட்டுப் போயின, ஆட்டம் நிற்கவில்லை.

உட்கார்ந்தவரின் கண்மட்டம் தரையிலிருந்து சுமார் 1.2 மீட்டர். தடுப்பு மூன்று மீட்டர் தள்ளி இருந்து, பேனரின் மேல்விளிம்பு 90 சென்டிமீட்டரோடு நின்றால், பாட்டி உட்கார்ந்தபடியே அலையையும் பார்ப்பார், தண்ணீரோரம் நிற்கும் பேரனையும் பார்ப்பார். ஒன்றரை மீட்டர் போனால் இரண்டும் மறையும். அந்த அளவு கேட்டு வருபவருக்குச் சாலைப் பக்கக் கம்பத்தைத்தான் காட்ட வேண்டும்.